க் என்னும் எரிபொருள்

ஓதியம்பேடு வெப்ப மீட்பு நிலையத்தின் திறப்பு விழாக் கல்வெட்டில் பதினேழு பெயர்கள் இருந்தன. பதினாறு பேருக்கு வெப்பம் என்றால் வெயில், அதற்கு மேல் தெரியாது. பதினேழாவது, கல் இழைத்துக் கொடுத்த கடையின் பெயர். பெயர்களுக்குக் கீழே தங்க நிறத்தில் ஒரு வரி பொறித்திருந்தார்கள்: ‘ஓதியம்பேடு மக்களுக்கு இதயம் கனிந்த வாழ்த்துக்கள்.’

அந்த வரியில் உள்ள ஓர் எழுத்துதான் பிற்பாடு நிலையத்தையே ஓட்டியது. அது க்.

கணினிகளை அடுக்கி வைத்துத் தொழில் செய்கிறவன் அவற்றின் சூட்டைக் காற்றில் விடக் கூடாது என்று சட்டம் வந்து அப்போது மூன்றாண்டு ஆகியிருந்தது. சட்டம் இயற்றியவர்கள் எங்கோ பனி பெய்கிற தேசத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். அங்கே கணினியின் சூட்டைக் குழாயில் பிடித்து வீடுகளுக்கு அனுப்புகிறார்களாம். செங்கல்பட்டுப் பக்கம் மே மாதத்தில் ஒருவன் வீட்டுக்குக் குழாய் வைத்துச் சூடு அனுப்பினால், அவன் அந்தக் குழாயைப் பிடுங்கிக்கொண்டு வந்து அடிப்பான். ஆகவே இங்கே சூட்டை வாங்கிக் குளிராகத் தருகிற இயந்திரத்தை நிறுவினார்கள்.

“சூட்டக் குடுத்தா எப்படிங்க குளிர் வரும்?” என்று திறப்பு விழாவில் ஒரு நிருபர் கேட்டார். நிலையத்தின் பொறுப்புப் பொறியாளர் காஜா மைதீனுக்கு ஐம்பத்திரண்டு வயது. அதில் முப்பதைக் கொதிகலன்களுக்குப் பக்கத்தில் கழித்தவர்.

“மண்பானைல தண்ணி எப்படிங்க குளுந்து போகுது? ஆவியாகறப்ப சுத்தி இருக்கற சூட்ட இழுத்துக்கிட்டுப் போகுதுல்ல? அதே சங்கதிதான். போன தண்ணியத் திரும்பப் பிடிச்சு வந்து, மறுபடி ஆவியாக்க சுடுதண்ணி வேணும். கம்ப்யூட்டர் சூடு அதக் குடுக்குது. இது கொஞ்சம் படிச்ச பானை.”

படித்த பானைக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வரும் தண்ணீர் எண்பது டிகிரிக்கு மேல் இருந்தால்தான் வேலை செய்யும். எழுபத்தொன்பது என்றால் மாப்பிள்ளை முறுக்கோடு உட்கார்ந்துவிடும். வெள்ளோட்டம் பார்த்த மூன்று மாதத்தில் தண்ணீர் ஒருநாளும் அறுபத்து நான்கைத் தாண்டவில்லை. நிலையத்தில் இருந்த கணினிகள் ‘பேச்சுமேடை’ என்ற தமிழ்ச் செயலிக்கு உரியவை. அதில் மக்கள் காலை வணக்கமும் செம்பருத்திப் படமும் போட்டுக்கொண்டிருந்தார்கள். செம்பருத்தியில் என்ன சூடு வரும்? திறப்பு விழாவன்று மேடையில் வீசிய குளிர்காற்று பந்தலுக்குப் பின்னால் மறைத்து வைத்த வாடகை ஏசியிலிருந்து வந்தது.

அந்தக் காற்றை முகத்தில் வாங்கியபடி நிர்வாக இயக்குநர் டாக்டர் ஆலாலசுந்தரம் நாற்பது நிமிடம் பேசினார். டாக்டர் பட்டத்தை வழங்கிய பல்கலைக்கழகத்துக்கு முகவரி இல்லை. ‘அனல் வேந்தர்’ பட்டத்தை வழங்கிய மன்றத்துக்கு அவரே தலைவர்.

விழா முடிந்ததும் கல்வெட்டின் படத்தைப் பேச்சுமேடையில் ஏற்றினார்கள். மணி பதினொன்று. தண்ணீர் அறுபத்து மூன்று டிகிரி. பதினொன்று ஐந்துக்குப் புலவர் ஏகாம்பரனார் என்பவர் முதல் கருத்தை இட்டார்: “வாழ்த்துக்கள் அன்று, வாழ்த்துகள். வாழ்த்துக் கள் எனில் வாழ்த்தி ஊற்றிய கள். அனல் வேந்தர் கள் ஊற்றுகிறாரா?”

அவ்வளவுதான். பன்னிரண்டு மணிக்குள் தமிழ் கூறும் நல்லுலகம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. க் வேண்டும் என்றவர்கள் மிகும் அணி. வேண்டாம் என்றவர்கள் மிகா அணி. இரண்டரை மணிக்குள் இலக்கணம் தீர்ந்துபோய், அவரவர் தாயாரின் நடத்தைக்கு வந்துவிட்டார்கள். மணி மூன்றடித்தபோது தண்ணீர் எண்பத்து நான்கு. படித்த பானை உடம்பை ஒருமுறை உதறிக்கொண்டு வேலையைத் தொடங்கியது. காஜா மைதீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். எண்பத்தைந்து.

மறுநாள் காலையில் நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. ‘எழுத்துப் பிழைக்குக் காரணமான ஒப்பந்த ஊழியர், மொழி உதவியாளர் சகாயமலரிடம் விளக்கம் கேட்கப்பட்டுள்ளது.’

எண்பத்தெட்டு.

சகாயமலருக்கு வயது முப்பத்தாறு. தமிழில் முதுகலை. ஐந்து ஆண்டாக அதே மேசையில் ஒப்பந்தத்தில் இருந்தாள். அழைப்பிதழ், அறிவிப்பு, அனல் வேந்தரின் மேடைப்பேச்சு எல்லாம் அவள் கைதான். அவள் எழுதிக் கொடுத்தது ‘வாழ்த்துகள்’. ஆலாலசுந்தரம் சிவப்புப் பேனாவால் நடுவில் ஒரு க் செருகி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். “மொட்டையா இருக்கே சகாயமலர், ஒரு வெயிட்டு வேணாமா?” என்றார். அந்தத் தாள் அவளுடைய கோப்பில் பத்திரமாக இருந்தது.

பேச்சுமேடை அவளுடைய பெயரைப் பிரித்து மேய்ந்தது. சகாயம் வடசொல், ஆகவே தமிழச்சியே இல்லை என்றார் ஒருவர். மலர் தமிழ்தான், ஆனால் முன்னால் இருக்கும் சகாயம் எந்தக் கோயிலிலிருந்து வந்தது என்று இன்னொருவர் விசாரித்தார். அவள் படித்த கல்லூரியை இழுத்து மூடக் கோரி ஒரு மனு கிளம்பியது. யாரோ சம்பந்தமில்லாத ஒரு பல் மருத்துவரின் படத்தைப் போட்டு “இவள்தான்” என்றார்கள். பாவம், அந்த அம்மாள் இரண்டு நாள் கிளினிக் திறக்கவில்லை.

நான்காம் நாள் சகாயமலர் இயக்குநர் அறைக்குப் போனாள்.

“வாங்க, வாங்க. டீ சொல்லவா?” என்றார் ஆலாலசுந்தரம். அவர் டீ சொல்லவா என்று கேட்டால் டீ வராது என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

“சார், அந்த க் நான் போடல.”

“எந்த க்?”

“ஊரே அடிச்சிக்கிற க் சார். நீங்கதான் சிவப்புப் பேனால போட்டீங்க.”

“நானா? ஒரு நாளைக்கு நானூறு பேப்பர் பாக்கறேன். ஒத்தை க் ஞாபகம் இருக்குமா எனக்கு?”

“அந்தப் பேப்பர் என்கிட்ட இருக்கு சார்.”

அனல் வேந்தர் சற்றுக் குளிர்ந்தார். எழுந்து ஜன்னல் பக்கம் போனார். மேடையில் கைதட்டலுக்கு முன்னால் விடுகிற அதே இடைவெளியை விட்டார்.

“அங்க பாருங்க. அந்த மஞ்ச பில்டிங். கவர்மென்ட் ஆஸ்பத்திரி, பிரசவ வார்டு. நாப்பது தாய்மாருங்க. போன வாரம் வரைக்கும் வெந்துக்கிட்டிருந்தாங்க. இன்னிக்கு குளுகுளுன்னு படுத்திருக்காங்க. யாரால?”

“உங்களாலயா சார்?”

“உங்களால! உங்க பேரால! எனக்குப் பொறாமையா இருக்கு தெரியுமா?”

“பொறாமையா இருந்தா நீங்க எடுத்துக்கங்க சார். எனக்கு ஒரு வரி போதும். ‘பிழை சகாயமலருடையது அல்ல.’ அத மட்டும் போட்டுடுங்க.”

“அந்த ஒரு வரி போட்டா என்ன ஆகும்? சண்டை நின்னுடும். சண்டை நின்னா சூடு போச்சு. சூடு போனா…” அவர் மஞ்சள் கட்டடத்தைப் பார்த்தார். குரல் தழுதழுத்தது. “பச்சப் புள்ளைங்க, சகாயமலர்.”

சகாயமலரின் தங்கை போன ஆண்டு மே மாதம் அதே வார்டில்தான் பிள்ளை பெற்றாள். ஜன்னலில் ஈரத்துணி கட்டி, காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டு, ஒன்பது நாள் அந்த அறையில் சகாயமலர் உட்கார்ந்திருக்கிறாள். பிறந்த குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. நாற்பது கட்டிலையும் அவளுக்குத் தெரியும். அவள் கதவுப் பக்கம் திரும்பினாள்.

“கொஞ்சம் பொறுத்துக்கங்க. இந்த வெயில் காலம் முடியட்டும்” என்றார் இயக்குநர். டீ வரவில்லை.

வெயில் காலம் முடிகிறவரை ஒருத்தியின் பெயரை எரிப்பது என்பது அப்படி முடிவாயிற்று.

ஆறாம் நாள் மிகா அணியைச் சேர்ந்த பதினொரு பேர் அவள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். கையில் ஒரு பானை. அதன்மேல் சுண்ணாம்பால் ‘வாழ்த்துக் கள்’ என்று எழுதியிருந்தது. கள்ளுக்குத் தடை இருப்பதால் உள்ளே மோர் ஊற்றியிருந்தார்கள். பானையை வாசல் கேட்டில் கட்டித் தொங்கவிட்டு, “தமிழைக் குடித்தவளே வெளியே வா” என்று கோஷம் போட்டார்கள். வெயில் தாங்காமல் பாதிக் கோஷத்தில் ஒருவர் பானையை இறக்கி மோரைக் குடித்துவிட்டார். அதைப் படம் பிடித்து மிகும் அணி போட்டது. எண்பத்தொன்பது.

வீட்டுக்காரம்மா பங்கஜவல்லி மாடிப்படியில் நின்றபடியே பேசினார். “ஏம்மா, ஒரு எழுத்துதான? எடுத்துட வேண்டியதுதான? வேற வாடகைக்கு ஆளா கெடைக்கல எனக்கு? கேட்ல பெயின்ட் அடிச்சு ஆறு மாசம்கூட ஆகல.”

“நான் போட்ட எழுத்து இல்லம்மா அது.”

“யார் போட்டா எனக்கென்ன? உன் பேர்ல இல்ல நிக்குது.”

அன்று மதியம் சகாயமலர் கட்டுப்பாட்டு அறைக்குப் போனாள். காஜா மைதீன் தன் சாப்பாட்டுப் பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். அவள் தொடவில்லை.

“பாய், ஒண்ணு கேக்கறேன். செம்பருத்திக்கு வராத சூடு க்-குக்கு மட்டும் எப்படி வருது?”

“நல்ல கேள்வி. ‘பூ அழகு’ன்னு ஒருத்தன் போட்டா மெஷின் பாத்துட்டு விட்டுடும். கடுகளவு வேலை. திட்டினா அப்படி இல்ல. இது திட்டா, கிண்டலா, பாராட்டான்னு பிரிக்கணும். இதப் பாத்தா யாருக்கெல்லாம் ரத்தம் கொதிக்கும்னு தேடணும். தேடி அவன் கண்ணுல காட்டணும். அவன் பதில் எழுத ஆரம்பிச்சா, இப்படி எழுதலாமா, அப்படி எழுதலாமான்னு நாலு வரி எடுத்துக் குடுக்கணும். அதுலயும் தமிழ்ல திட்டறானுங்க பாரு… ஒரே வார்த்தைல அப்பன், பாட்டன், ஊரு, படிச்ச பள்ளிக்கூடம் அத்தனையும் ஒட்டிடறான். எங்க ஒட்டியிருக்கு, எங்க வெட்டறதுன்னு தெரியாம மெஷின் வேகுது.”

“அப்ப இலக்கணம் தெரிஞ்சவங்க திட்டினா?”

“புலவருங்க திட்டறது முதல் தர நிலக்கரிம்மா. சாம்பலே நிக்காது.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறு நாளில் முதல்முறை. அதைப் பார்த்துக் காஜா மைதீனுக்குத் தைரியம் வந்தது. திரையில் ஒரு வரைபடத்தை விரித்தார்.

“இதப் பாரு. உன்கிட்ட சொல்லலாமா வேணாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். சூடு எண்பத்தொண்ணுக்கு இறங்கறப்பல்லாம் ஆபீஸ்லேர்ந்து உன்னப் பத்தி ஒரு அறிக்கை வருது. இது விளக்கம் கேட்டது. இது விளக்கம் திருப்தி இல்லன்னது. நாளைக்கு உன்ன இடைநீக்கம் பண்றாங்க.”

“நாளைக்கா? உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ரெண்டாவது பம்பை ரெடியா வைக்கச் சொல்லிட்டாங்களே. இடைநீக்கத்துக்கு நாலு டிகிரி கணக்கு. திங்கக்கிழம அத மறுபரிசீலனை பண்றாங்க. அதுக்கு ஆறு.”

“மறுபரிசீலனை நல்ல செய்தியாச்சே பாய்?”

“நல்ல செய்திக்குத்தான் ஜாஸ்தி. உனக்கு நல்லது நடந்தா ஜனங்களுக்குத் தாங்கல.”

காஜா பாய் சொன்னபடியே எல்லாம் நடந்தது. இடைநீக்கம், நான்கு. மறுபரிசீலனை, ஆறரை. மறுபரிசீலனைக்குப் பிறகு மீண்டும் இடைநீக்கம். பதினோராம் நாள், தங்கை ஆசிரியையாக இருக்கும் பள்ளியின் பெயரை யாரோ கண்டுபிடித்து, “இந்தக் குடும்பத்திடமா நம் பிள்ளைகள் எழுத்துப் படிக்கிறார்கள்?” என்று போட்டார்கள். பள்ளித் தாளாளர் தங்கையை அழைத்து, ஒரு மாதம் விடுப்பில் போகச் சொல்லிவிட்டார்.

தங்கை போனில் அழவில்லை. “நீ யாருக்காகக்கா பேசாம இருக்க?” என்று மட்டும் கேட்டாள்.

சகாயமலர் நாற்பது தாய்மார்களிடமும் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். சிவப்பு மைத் தாளைப் படமெடுத்துப் பேச்சுமேடையில் ஏற்றினாள். அவள் தட்டச்சிட்ட ‘வாழ்த்துகள்’. நடுவில் செருகிய க். பக்கத்தில், சந்தேகத்துக்கே இடமில்லாமல், ஆலாலசுந்தரத்தின் கையெழுத்து. கீழே அவள் ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள்: ‘பிழை என்னுடையது அல்ல.’

மூன்றாவது பம்பையும் தயார் செய்துவிட்டுக் காஜா மைதீன் காத்திருந்தார். இது தொண்ணூற்றைந்தைத் தொடும், குழாய் தாங்குமா என்று கவலைப்பட்டார்.

பத்து நிமிடம் பேச்சுமேடையில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு புலவர் ஏகாம்பரனார் எழுதினார்: “அனல் வேந்தர் தம் திருக்கரத்தால் திருத்திய படியை இன்று கண்டோம். ஆழ்ந்து நோக்குங்கால் இவ்விடத்து ஒற்று மிகுதலே ஓசை இன்பம் தருவது. முன்னோர் குறியாது விட்ட இவ்விதியை இனி ‘வேந்தர் மிகல்’ என வழங்குக.”

மிகா அணி புலவரைப் பின்பற்றியது. மிகும் அணி, நாங்கள் முதலிலிருந்தே இதைத்தானே சொன்னோம் என்றது. பதினொரு நாள் ஒருவர் பாட்டனை ஒருவர் தோண்டி எடுத்தவர்கள் கைகோத்துக்கொண்டார்கள். அவளைத் திட்டியதற்காக ஒருவரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. மறந்துவிட்டார்கள். மாலை நான்கு மணிக்கு எல்லோரும் செம்பருத்திக்குத் திரும்பினார்கள். அறுபத்தொன்று.

“என்ன பாய் இது?” என்று போனில் கேட்டாள் சகாயமலர். “அவரு பேரப் போட்டா இன்னும்ல எரியும்னு நெனச்சேன்?”

“நானும் அப்படித்தான் நெனச்சேன். பெரிய மனுஷன் பேரு எரியாது போலம்மா. ஈரம் ஜாஸ்தி.”

ஆலாலசுந்தரத்துக்கு இது இருதலைக்கொள்ளிச் சங்கடம். ஒரு பக்கம் குளிர் இயந்திரம் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. மறுபக்கம், வரும் ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ‘இலக்கண ஞாயிறு’ என்ற பட்டம். ‘வேந்தர் மிகல்’ கண்டவருக்கு வேறென்ன கொடுப்பது? விழா, நிலையத்துக்கு எதிரே அவருடைய சொந்தக் கல்யாண மண்டபத்தில். அறுநூறு இருக்கை. ஜன்னல் கிடையாது. முழுக்கக் குளிரூட்டியது.

ஞாயிறு காலை பத்தரைக்கு அறுநூறு பேர் மண்டபத்தில் இருந்தார்கள். முதல் வரிசை முழுவதும் புலவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பொன்னாடை. முதல் முக்கால் மணி நேரம், நிலையத்தின் குளிர்நீர்த் தொட்டியில் மிச்சமிருந்த குளிரில் கூட்டம் சுகமாக இருந்தது. மேடையில் போர்த்திய பொன்னாடையை யாரும் உடனே கழற்றி மடிக்கவில்லை. தமிழக விழா வரலாற்றில் பொன்னாடை குளிருக்குப் பயன்பட்டது அன்றுதான். பதினொன்றேகாலுக்குக் குளிர் தீர்ந்தது. பதினொன்றரைக்குப் பொன்னாடைகள் விசிறிகளாயின. வாழ்த்துரை வழங்கிக்கொண்டிருந்தவர் எழுபது வரி ஆசிரியப்பாவில் முப்பதாவது வரியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கேட்டார்.

ஏற்புரைக்கு எழுந்த ஆலாலசுந்தரம் நெற்றியைத் துடைத்தார். கூட்டத்தைப் பார்த்தார். வாசல் பக்கம் எழுந்துபோகிறவர்களையும் பார்த்தார். தொழில் தெரிந்தவர் அவர். ஒரு கணம்தான் யோசித்தார்.

“என் தாய்த்தமிழ்ச் சொந்தங்களே! நான் ஒரு க்-கைச் சேர்த்தேன். பாராட்டுகிறீர்கள். நன்றி. ஆனால், சேர்க்க வேண்டிய நிலை ஏன் வந்தது? அந்தத் தாளை நீங்கள் பார்த்தீர்களே. நான் திருத்துவதற்கு முன்னால் அதில் என்ன இருந்தது? ‘வாழ்த்துகள்’! ஒற்றை உருவி எடுத்துவிட்டு, மொட்டையாக, மூளியாக ஒரு வாழ்த்து! ஐந்து ஆண்டு நம் உப்பைத் தின்ற ஒருத்தி, தமிழன்னையின் நெற்றியிலிருந்து பொட்டை அழித்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். பெயரைச் சொல்ல என் நா கூசுகிறது. சகாயமலர்!”

அறுநூறு கைகள் சட்டைப் பைக்குப் போயின.

சகாயமலர் நேரலையில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தான் வெளியிட்ட ஆதாரமே தன் குற்றப்பத்திரிகை ஆகிவிட்டது அவளுக்குப் புரிவதற்குள், பேச்சுமேடையில் ஆயிரம் கருத்துகள் வந்துவிட்டன. இப்போது இரண்டு அணி இல்லை. ஒரே அணி. முன்பு க் போட்டதற்குத் திட்டிய அதே ஆட்கள், க் போடாததற்கு அதே வார்த்தைகளால் திட்டினார்கள். சிலர் புதிதாக எழுதக்கூட மெனக்கெடவில்லை. பழையதையே எடுத்து ஒட்டினார்கள். பானை கொண்டுவந்த குழு மறுபடி கிளம்புவதாக அறிவித்தது.

போதும் என்று தோன்றியது. அவள் ஒரு வரி தட்டினாள்: ‘நான் எழுதியது தவறு. க் வேண்டும். அனைவரும் மன்னிக்கவும்.’ சரணடைந்தவளைத் திட்டுவதில் ருசி இருக்காது. அரை மணியில் அணைந்துவிடும். அதை அனுப்புவதற்கு முன்னால், வார்டு ஞாபகம் வந்து காஜா மைதீனை அழைத்தாள்.

“பாய், எவ்ளோ?”

“எழுபத்தெட்டு. ஏறிக்கிட்டே இருக்கு.”

“நான் நிறுத்திடப் போறேன் பாய். முடியல என்னால. ஆனா வார்டுல… இந்த நாலு நாளா குளிர் இல்லாம எப்படி இருக்காங்க?”

காஜா மைதீனுக்குப் பின்னால் பம்புகள் இரைந்தன.

“காலைல அந்த வார்டு நர்ஸ் போன் பண்ணாங்கம்மா. வளர்மதின்னு. ‘நிலையம் திறந்து ரெண்டு வாரம் ஆச்சே, எங்களுக்கு எப்ப சார் குளிர் விடுவீங்க’ன்னு கேட்டாங்க.”

“என்ன பாய் சொல்றீங்க?”

“எனக்கும் தூக்கிவாரிப் போட்டுச்சு. என் ஸ்க்ரீன்ல ஆஸ்பத்திரி வால்வு திறந்திருக்குன்னு பச்சையாத்தான் காட்டுது. இறங்கிப் போய்ப் பாத்தேன். வால்வு மூடி, பூட்டுப் போட்டிருக்கு. ஸ்க்ரீன்ல பச்சை வர்றதுக்கு ஒரு ஒயரை முறுக்கி விட்டிருக்காங்க. குளிர் பூரா மண்டபத்துக்குத்தான் போயிருக்கு. ஒருநாளாவது அந்தப் பக்கம் போனதே இல்ல. முப்பது வருஷ சர்வீஸ்மா எனக்கு. கையால தொட்டுப் பாக்காம பச்சை லைட்ட நம்பிட்டேன்.”

சகாயமலர் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். பதினொரு நாள் வாயைத் திறக்காமல் இருந்தது கல்யாண மண்டபத்துக்காக. தங்கை விடுப்பில் போனது ஆசிரியப்பாவுக்காக. அழலாம் என்று பார்த்தாள், வரவில்லை. கோபம் வந்தது. பதினைந்து நாளில் ஊரில் எல்லோரும் கோபப்பட்டிருந்தார்கள். அவளுக்கு இப்போதுதான் முறை வந்தது.

கைபேசியில் சரணாகதி வரி அனுப்பத் தயாராகக் காத்திருந்தது. ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.

“பாய், அந்தப் பூட்டை உடைக்க முடியுமா?”

“சாவியே என்கிட்ட இருக்கும்மா. பூட்டு நம்ம ஸ்டோர் பூட்டுதான்.”

“மண்டபத்து வால்வ மூடுங்க. ஆஸ்பத்திரி வால்வத் திறங்க. என் பேரு எரியறதுன்னா எரியட்டும். எங்க குளுரணும்னு நான் சொல்றேன்.”

“என் வேலை போயிடுமே.”

“போகும் பாய்.”

“சரி, போகட்டும். பொண்ணு வீட்ல போய் உக்காந்துக்கறேன். அங்கயும் வெக்கைதான்” என்றார் காஜா மைதீன்.

பன்னிரண்டு மணிக்குத் தண்ணீர் எண்பத்தொன்றைத் தொட்டது. இயந்திரம் உதறிக்கொண்டு எழுந்தது. மண்டபத்தில் ஆலாலசுந்தரம் கையைக் கூரைப் பக்கம் நீட்டி, “இதோ, தமிழின் தென்றல்!” என்றார். தென்றல் வரவில்லை. ஏற்புரையை நீட்டினார். அப்போதும் வரவில்லை. அறுநூறு பேரும் வேர்வையில் ஊறிக்கொண்டிருந்தார்கள். மரியாதை கருதி எழுந்து போக முடியாதவர்கள் அத்தனை எரிச்சலையும் கையிலிருந்த கைபேசியில் இறக்கினார்கள். அனல் வேந்தரைத் திட்ட முடியுமா? திட்டுவதற்கென்றே ஒரு பெயர் தயாராக இருந்தது. எண்பத்தாறு. புலவர் ஏகாம்பரனார் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, அவளுடைய ஏழு தலைமுறையையும் ஒரே தொகைச்சொல்லில் அடக்கினார். எண்பத்தொன்பது.

சகாயமலர் சும்மா இருக்கவில்லை. திட்டியவர்களின் பதிவுகளைத் திறந்து, ஒவ்வொன்றிலும் உள்ள சந்திப் பிழைகளைத் திருத்தி, மிகப் பணிவாகப் பதில் போட்டாள். தொண்ணூற்று மூன்று.

ஒன்றரை மணிக்குக் கட்டுப்பாட்டு அறையில் போன் அடித்தது. காஜா மைதீன் தன் சாப்பாட்டுப் பெட்டியையும் சட்டையையும் பையில் வைத்துக்கொண்டிருந்தார். எடுத்தார்.

“சார், பிரசவ வார்டுலேர்ந்து வளர்மதி பேசறேன். நல்லா குளுருது சார், ரொம்ப நன்றி. ஆனா பச்சப் புள்ளைங்க இருக்கு, போர்வை பத்தல. கொஞ்சம் கொறைக்க முடியுமா?”

“என் கையில இல்ல சிஸ்டர்” என்றார் காஜா மைதீன். “துணி எதுனா இருந்தா சுத்தி வைங்க. ஜனங்க இன்னும் நெறய எழுதிக்கிட்டிருக்காங்க.”